ஓரிரவில் முடிந்தது, எட்டு வாரத்துக்கு ஏன் முடியாது?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து உழைப்பாளி மக்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். நிலைமை கைமீறியதும் சேலத்துக்கும், விழுப்புரம் முண்டியம்பாக்கத்துக்கும், புதுவை ஜிப்மருக்கும் ஆம்புலன்சுகள் பறந்தன. வெளி மாவட்ட டாக்டர்கள் வந்து இறங்கினார்கள். மந்திரிகள் வந்தார்கள். எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பேர், யாருக்கு என்ன நிலை என்ற கணக்கு வேளைக்கு வேளை வெளியிடப்பட்டது. அப்படியும் 60க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள்.

அந்தச் சாவுகளுக்கு யார் பொறுப்பு என்பதை நாம் அப்போதும் பேசினோம், இனியும் பேசுவோம். இன்று நாம் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. சர்க்கார் மனம் வைத்தால் நான்கு ஊர்களிலுள்ள நான்கு ஆஸ்பத்திரிகள் ஒரே ஆஸ்பத்திரி போல இயங்க முடியும் என்பது அன்று நிரூபணமாயிற்று. நோயாளி அலையவில்லை, ஆஸ்பத்திரிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன.

அப்படியானால் கேட்கிறோம்: ஒரே இரவில் சாகிறவனுக்குச் செய்ததை, ஓராண்டு ஈராண்டு இழுத்துச் சாகிறவனுக்கு ஏன் செய்யவில்லை? பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுக்காத சாவு என்பதாலா?

புற்றுநோயைப் பற்றித்தான் சொல்கிறோம்.

கல்வராயன் மலையில் சேராப்பட்டுப் பக்கம் ஒரு தாய் என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயது. மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. மாதவிடாய் நின்ற பிறகும் ரத்தம் படுகிறது, இடுப்பில் தீராத வலி. வெட்கத்தால் ஆறு மாதம் சொல்லவில்லை. பிறகு வேர், பச்சிலை. அதற்கும் கேட்காமல் கரியாலூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்குச் சீட்டு. அங்கே சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புகிறார்கள். முடிவுக்கு ஒரு வாரம் கழித்து வா. முடிவு வந்தால் ஸ்கேனுக்கு ஒரு நாள். பிறகு, "ஜிப்மருக்குப் போ, இல்லாவிட்டால் காஞ்சிபுரம் போ, அடையாறு போ" என்று ஒரு துண்டுக் காகிதம். போன இடத்தில் மறுபடியும் முதலிலிருந்து: பதிவு, ரத்தம், ஸ்கேன், வரிசை. ஒவ்வொரு நடைக்கும் அவளோடு ஒருவர் வரவேண்டும். ஆக ஒரு வீட்டில் இரண்டு கூலி போகிறது.

இது கர்ப்பப்பை வாய்ப் புற்று. இதற்குக் கதிர் வைத்தியம் வேண்டும். நம் ஜனங்கள் கரண்ட் வைத்தியம் என்கிறார்கள். வாரம் ஐந்து நாள் வீதம் சுமார் ஐந்து வாரம். அதோடு வாரம் ஒரு முறை மருந்து ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு உள்ளிருந்து கொடுக்கும் கதிர் தனி. முழுவதையும் எட்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். நடுவில் விட்டு விட்டு இழுத்தால் பலன் குறையும் என்பது வைத்திய சாஸ்திரம் கண்ட உண்மை. எட்டு வாரம் கூலியில்லாமல் புதுவையில் தங்கி யார் சாப்பாடு போடுவார்கள்? மலையில் ஆடு மாட்டை யார் பார்ப்பார்கள்? நாலாவது வாரம் அவள் பஸ் ஏறி ஊருக்குத் திரும்புகிறாள். ஆஸ்பத்திரி ஏட்டில், "நோயாளி வரவில்லை" என்று எழுதுகிறார்கள். குற்றம் அவள் தலையில்!

"அறியாமை" என்று மேடையில் பேசுகிற கனவான்களுக்கு ஒன்று சொல்கிறோம். அவள் அறியாமையால் திரும்பவில்லை. கணக்குத் தெரிந்துதான் திரும்பினாள்.

காப்பீட்டு அட்டை கொடுத்திருக்கிறோமே என்று கேட்பார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஏழைக்கு அது உதவியிருக்கிறது, இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது எதற்குக் காசு கொடுக்கிறது? ஆப்பரேஷனுக்கு இவ்வளவு, கதிருக்கு இவ்வளவு என்று ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்துத்தான். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு நோயாளியின் காகிதத்தை அனுப்பவும், வராதவளைத் தேடிப் போய் அழைத்து வரவும், பஸ் சார்ஜுக்கும், இழந்த கூலிக்கும் அதில் ஏது இடம்? லாபம் வருகிற இடத்துக்குப் பணம் பாய்கிறது. உயிரைக் காக்கிற இடைவேலைகளுக்குச் சல்லிக்காசு இல்லை. ரயில்வே இலாகா புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகை தருகிறது. நல்லது. வெள்ளிமலைக்கு ரயில் எப்போது ஏறும் என்று அதையும் சொல்லிவிட்டால் தேவலை!

ஆலைத் தோழர்கள் இங்கே கவனிக்க வேண்டும். இ.எஸ்.ஐ. திட்டத்தின் கீழ் வருகிற தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால், நிபந்தனைகள் பொருந்தினால், நீடித்த நோய்ப் பலனாகக் கூலியில் 80 சதவிகிதம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். இது எந்த முதலாளியும் தர்மம் செய்தது அல்ல. ஆனால் இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. காண்டிராக்டில் பெயர் மாற்றி மாற்றி எழுதுகிறவன் அந்த உரிமையைத் திருடுகிறான் என்பது உங்களுக்குத் தெரியுமா? பருவகால ஆலைகளைச் சட்டமே வெளியே நிறுத்தியிருக்கிறது. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிற விவசாயத் தொழிலாளிக்கோ இ.எஸ்.ஐ. என்ற மூன்றெழுத்தே கிடையாது. ஒரே கரும்பு, ஆலைக்கு உள்ளே ஒரு நியாயம், வெளியே ஒரு நியாயம்.

முடியாதது என்கிறார்களா? காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் என்று 2018ல் மத்திய சர்க்காரே தொடங்கியது; 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. தொகை போதாது, அது வேறு விஷயம். வைத்தியம் முடியும்வரை நோயாளி வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்ற கொள்கையை ஒப்புக்கொண்டாகிவிட்டது. நுரையீரலுக்கு ஒப்புக்கொண்டது கர்ப்பப்பைக்கு ஏன் ஆகாது?

இன்னொரு விஷயத்தையும் விவரமாகச் சொல்ல வேண்டும். இந்தப் புற்று திடீரென்று வருவது அல்ல. ஒரு வைரசினால் தொடங்கிப் பல ஆண்டுகள் மெதுவாக வளர்வது. ஆரம்பத்தில் கண்டால் அங்கேயே கருக்கிவிடலாம். கண்டுபிடிக்கப் பெரிய மிஷின் வேண்டாம். நம் தமிழ்நாட்டிலேயே, திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையை மையமாக வைத்து 2000ஆம் ஆண்டு தொடங்கி ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். பயிற்சி பெற்ற நர்சுகள் 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமப் பெண்களை அழைத்து, காடியிலுள்ள அதே அமிலத்தைத் தண்ணீரில் கலந்து கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்த்தார்கள். கெட்ட இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். தகுதியுள்ளவர்களுக்கு உடனே அதைக் குளிரால் உறையவைத்து அழித்தார்கள். 2007ல் முடிவு வெளியாயிற்று: சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றால் வரும் சாவு, மற்ற ஊர்களைவிட 35 சதவிகிதம் குறைவு. உலகமே அதைப் படித்தது. நம் மலைக்கு மட்டும் அந்தச் செய்தி ஏற எத்தனை காலம்?

2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை என்று நான்கு மாவட்டங்களில் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தமிழக சர்க்கார் தொடங்கியது. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு வைரஸ் தடுப்பூசி என்று அறிவித்தது. இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் பரிசோதித்துவிட்டு, "உனக்குச் சந்தேகம் இருக்கிறது" என்று சொல்லி மலையிலேயே விட்டுவிட்டால் அது வைத்தியமா, பயமுறுத்தலா? பரிசோதனை, சதை டெஸ்ட், கதிர், கீமோ, தொடர் கவனிப்பு எல்லாம் ஒரே சங்கிலி. ஒரு வளையம் அறுந்தாலும் நோயாளி கீழே விழுகிறார்.

சங்கிலி கோப்பது எப்படி என்பதற்கு வழிகாட்டி இல்லாமல் இல்லை. 2012ல் மும்பை டாட்டா நினைவு மையத்தின் முன்முயற்சியில் தேசியப் புற்றுநோய் வலையமைப்பு ஏற்பட்டது. எந்த நோய்க்கு என்ன வைத்தியம் என்று பொதுவான முறைகளை வகுத்தது. பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து மருந்து வாங்கி விலையைக் குறைத்தன. அஸ்ஸாமில் கஷ்டமான வைத்தியம் தலைமை ஆஸ்பத்திரியில், சுலபமானது மாவட்டத்தில் என்று அடுக்கடுக்காக ஆஸ்பத்திரிகள் கட்டி, 2022 ஏப்ரலில் ஏழைத் திறந்தார்கள். கேரளத்தில் 2020 கொரோனா முடக்கத்தின்போது, திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்துக்கு வர முடியாதவர்களுக்கு மாவட்ட ஆஸ்பத்திரிகளிலேயே கீமோ கொடுக்க இடதுசாரி சர்க்கார் ஏற்பாடு செய்தது. மருந்தை எழுதுகிற பெரிய டாக்டர் திருவனந்தபுரத்தில். ஏற்றுகிற நர்ஸ் நோயாளியின் ஊருக்குப் பக்கத்தில். இதில் என்ன மந்திரம் இருக்கிறது? மார்பகப் புற்றுக்குப் பல மருந்துகள் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, சில மணி நேரம் பாட்டிலில் ஏற்றுவதுதான். அதற்காகச் சின்னசேலத்திலிருந்து ஒருத்தி சென்னைக்கு ராத்திரி பஸ் ஏற வேண்டுமா?

மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் பகல்நேரப் புற்றுநோய் மையம், 2025-26ல் மட்டும் 200 என்று மத்திய நிதி மந்திரி 2025 பிப்ரவரியில் பார்லிமெண்டில் வாக்களித்தார். வாக்குறுதி காகிதத்தில் நன்றாக இருக்கிறது. 2022 ஜனவரியில் திறந்துவைத்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. அங்கே நாலு கட்டில் போட்டுப் பெயர்ப்பலகை மாட்டுவது மையம் ஆகாது. சதை டெஸ்ட் முடிவு ஒரு வாரத்துக்குள் வர வேண்டும். ஜிப்மர் டாக்டரோடு வாரம் ஒரு நாள் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கலந்து பேச வேண்டும். எந்த நோயாளி எங்கே நிற்கிறார் என்று தெரிந்த பொறுப்பாளர் ஒருவர், மலை ஜனங்களின் பேச்சு தெரிந்தவராக, இருக்க வேண்டும்.

மருந்து விலையைச் சொல்லாமல் விட முடியாது. சிறுநீரக, ஈரல் புற்றுக்கான பேயர் கம்பெனியின் நெக்சவார் மாத்திரை இந்தியாவில் மாதம் 2,80,000 ரூபாய்க்கு மேல் விற்றது. 2012 மார்ச்சில் கட்டாய உரிமம் வழங்கியதும், நாட்கோ கம்பெனி அதே மருந்தை மாதம் 8,880 ரூபாய்க்குத் தர வேண்டியதாயிற்று. எங்கே 2,80,000, எங்கே 8,880! இடையில் இருந்தது விஞ்ஞானமா? ஏகபோகம். நாட்டில் அப்படி வழங்கிய முதல் உரிமம் அது. 12 ஆண்டு கடந்தும் இரண்டாவது ஒன்றை வழங்க டில்லிக்குத் துணிவு வரவில்லை.

பணம் எங்கே என்பார்கள். 2024-25ல் டாஸ்மாக் கடைகளால் தமிழக சர்க்காருக்கு வந்த வருமானம் 48,344 கோடி ரூபாய். வாய், உணவுக் குழாய், ஈரல் புற்றுக்கு மது ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சி அமைப்பு 1988லேயே வகைப்படுத்தியிருக்கிறது. நோயை விற்று வருகிற பணத்தில் ஒரு சிறு பங்கையாவது நோயாளிக்குக் கொடு என்பது அதிகப்படியா?

முதலமைச்சராக இருந்த அண்ணா புற்றுநோய் கண்டு 1968ல் நியூயார்க் சென்று ஆப்பரேஷன் செய்துகொண்டார். அப்படியும் 1969 பிப்ரவரியில் காலமானார். அவர் பெயரால் காஞ்சிபுரத்தில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அவருக்கு நல்ல வைத்தியம் கிடைத்ததில் யாருக்கும் மனக்குறை இல்லை. நியூயார்க் கேட்கவில்லை நம் மலைத் தாய், கள்ளக்குறிச்சியைக் கேட்கிறாள். ஜாகிர்தார்களுக்கு வெட்டி வேலை செய்து முதுகு வளைந்த ஜனங்களின் மகள் அவள். அம்மலை மக்களின் நிலைமையைக் கண்டு 2024ல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக வழக்கு எடுத்து ரோட்டையும் பள்ளிக்கூடத்தையும் பற்றிச் சர்க்காரைக் கேட்க வேண்டி வந்தது.

ஆகவே விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் மலைவாழ் மக்கள் சங்கத் தோழர்களும் இந்த மாதமே ஒரு வேலை தொடங்க வேண்டும். வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடு, கரியாலூர், அடிவாரத்தில் கச்சிராயபாளையம் என்று ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுங்கள். புற்றுநோயாளி இருக்கிற வீட்டில், அவர்கள் சம்மதத்தோடு, எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை நடை, பஸ்ஸுக்கு எவ்வளவு, போன கூலி எவ்வளவு, வட்டிக்கு வாங்கியது எவ்வளவு, எந்த வாரம் வைத்தியத்தை விட்டார்கள் என்று எழுதுங்கள். பெயரைக் காகிதத்தில் போடாதீர்கள். வீட்டு மானம் அவர்களுடையது. பெண்களிடம் பெண் தோழர்களே பேசட்டும். ஆலைக் கிளைகள் தங்கள் காண்டிராக்ட் தொழிலாளிகளின் இ.எஸ்.ஐ. எண்ணைச் சரிபார்க்கட்டும். அந்தக் கணக்கோடு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். கள்ளக்குறிச்சியில் கீமோவும் சதை டெஸ்டும், மலையிலிருந்து ஆஸ்பத்திரி வண்டி, புதுவையில் துணையாளோடு தங்க இடம், வைத்தியம் முடியும்வரை நோயாளிக்கும் துணையாளுக்கும் நாட்கூலி, இவற்றுக்குத் தேதி போட்டுப் பதில் கேட்போம்.