வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஈஸ்ட்

கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட் வெளியிலிருந்து வந்து தாக்கும் கிருமி அல்ல; நம்மில் பலரின் வாயிலும் குடலிலும் சத்தமில்லாமல் குடியிருப்பது. அதை அடக்கி வைத்திருப்பவை பக்கத்திலேயே வாழும் பாக்டீரியாக்களும் நம் எதிர்ப்பு சக்தியும்தான். சாதாரண சளிக்கு யாரையும் கேட்காமல் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கும்போது அந்தக் காவலைத்தான் கலைக்கிறோம். உருண்டையாக இருந்த ஈஸ்ட் செல் நூலாக நீண்டு சவ்வுக்குள் துளைத்து நுழைகிறது. அப்போது அது சுரக்கும் கேண்டிடாலைசின் என்ற நச்சு நம் செல்களின் மேலுறையை ஓட்டையாக்குவது 2016இல்தான் தெரியவந்தது. நாக்கில் தயிர்த் திப்பிபோல வெள்ளை படிவது இதன் எளிய முகம். ஐ.சி.யூ.வில் ரத்தக்குழாய்க்குள் செருகிய டியூப் வழியே ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆன்டிபயாட்டிக்கைத் தொடாதவர்களுக்கும் வருகிறதே என்று கேட்கலாம். நியாயம்தான். பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் பிறப்புறுப்பில் இந்தத் தொற்று வருகிறது (சுத்தமில்லை என்று அவர்களைப் பழிப்பது அபத்தம்). கர்ப்பமும் கட்டுக்கடங்காத சர்க்கரையும்கூட இதற்கு வழிவிடும். எல்லாக் காரணத்தையும் அகற்ற முடியாது என்பதற்காக, கைக்கெட்டும் காரணத்தையும் விட்டுவிடுவதா? உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலின் மிக ஆபத்தான பிரிவிலேயே இது இருக்கிறது. எதிர்க்கும் மருந்து வகைகளோ சொற்பம். சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் தர மறுப்பதற்கும், வாயில் இந்த ஈஸ்ட் பெருக இடம்தரும் ஸ்டீராய்டு இன்ஹேலரை நீட்டும்போதே ‘இழுத்ததும் வாய் கொப்பளியுங்கள்’ என்று சொல்வதற்கும் மருந்துக் கடைக்காரருக்கு அரை நிமிடம் போதும்.