நெல்லுக்கு இல்லை, புல்லுக்கு உண்டாம்!

வைகாசி பிறந்துவிட்டால் அம்பாசமுத்திரம் வட்டாரத்து விவசாயத் தொழிலாளியின் கண்ணெல்லாம் பாபநாசம் அணையின் மேல்தான். 143 அடி அணையில் எத்தனை அடி நிற்கிறது? ஜூன் தொடக்கத்தில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்களா, மாட்டார்களா? திறந்தால் நடவு உண்டு, கூலி உண்டு, அடுப்பில் உலை உண்டு. திறக்காவிட்டால் கேரளத்துக்கோ திருப்பூருக்கோ வண்டியேற வேண்டியதுதான். நீர்மட்டம் குறைந்த ஆண்டுகளில், "குடிநீருக்கே பற்றாது, காருக்கு இல்லை" என்று அதிகாரிகள் கையை விரிப்பது நமக்குப் புதிதல்ல. குடிநீர்தான் முதலில் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி: அந்தக் குடிநீரைக் குடிப்பது யார்?

அப்படியொரு கோடையில் இந்த ஜில்லாவின் ஒரு பூங்காவில் கண்டதைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இந்தக் கதை ஒரு ஊரோடு நிற்பதல்ல. வெளியே தெருக்குழாயடியில் குடங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. உள்ளே, உச்சி வெயிலில், ரப்பர் குழாய் வழியாகக் கொரியன் புல்லுக்குத் தண்ணீர் பாய்கிறது. நடுவில் ஒரு பலகை: "புல்லில் நடக்காதீர்". மனிதன் நடக்கக் கூடாது, மாடு மேயக் கூடாது, குழந்தை உருளக் கூடாது! பின் யாருக்காக ஐயா இந்தப் புல்? தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தொழிலாளியைக் கேட்டேன். "பச்சையா இல்லன்னா வையுதாவ அண்ணாச்சி" என்றார். அவர் மேல் என்ன குற்றம்? ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்கு நிற்பவர் அவர்.

கணக்குப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் தண்ணீர் ஒரு லிட்டர். கடும் வெயிலில் புல்தரை பச்சையாக இருக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தேவை. ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஆக ஒரு ஏக்கர் புல் ஒரே நாளில் குடிப்பது சுமார் 20,000 லிட்டர்! 2019இல் மத்திய சர்க்கார் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமவாசி ஒருவருக்கு வைத்த அளவு நாளைக்கு 55 லிட்டர். அந்தப் புல் குடிப்பது 360 பேரின் பங்கு.

"ஒரு ஏக்கர் நெல் இதைவிட அதிகம் குடிக்குமே" என்பார் ஒரு கனவான். குடிக்கும். ஆனால் நெல் சோறு போடுகிறது. நடுபவளுக்கும் அறுப்பவனுக்கும் கூலி தருகிறது. பத்தமடைக்காரர்களைக் கேளுங்கள்: ஆற்றங்கரைக் கோரையும் பார்வைக்குப் புல் மாதிரிதான், ஆனால் அது பாயாகிறது, பல குடும்பங்களின் பிழைப்பாகிறது. கொரியன் புல் எதுவாகிறது? வெட்டி எறிந்தால் குப்பையாகிறது.

இந்த மோகம் நம் மண்ணில் முளைத்ததல்ல. ஊர்ப் பொதுநிலங்களை வேலியிட்டு வளைத்த இங்கிலாந்துப் பிரபுக்கள், "உழவும் மாட்டேன், பயிரிடவும் மாட்டேன், சும்மா போட்டு வைக்கவும் எனக்கு நிலம் உண்டு" என்று காட்டிக்கொள்ள மாளிகை முன் விரித்த பகட்டுதான் புல்தரை. அங்கே மழை வருஷம் முழுதும் தூறும், செலவில்லை. வெள்ளைத் துரை அதைத் தன் பங்களாவுக்குக் கொண்டுவந்தான். துரை போனான், புல் போகவில்லை!

முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவே இன்று புல்லைப் பிடுங்குகிறது. 2015 வறட்சியில் கலிபோர்னியா கவர்னர் 5 கோடி சதுர அடிப் புல்தரையை அகற்றி, வறட்சி தாங்கும் செடி வைக்க உத்தரவிட்டார். நெவாடா மாநிலம் 2021இல் சட்டமே போட்டது: லாஸ் வேகாஸ் பகுதியில் வெறும் அலங்காரத்துக்கு நிற்கும் புல்லுக்கு 2027 தொடக்கம் முதல் கொலராடோ ஆற்று நீர் விடக் கூடாது. விளையாடுமிடத்துப் புல்லைச் சட்டம் தொடவில்லை. சூதாட்ட நகரத்துக்கு வந்த புத்தி நம் நகரசபைகளுக்கு வரக் கூடாதா? நம் நாட்டிலும் 2016 ஏப்ரலில், லாத்தூருக்கு ரயிலில் தண்ணீர் போன அதே நாட்களில், பம்பாய் ஹைகோர்ட் ஐ.பி.எல். ஆட்டங்களை மகாராஷ்டிரத்துக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கரில் 25 லட்சம் லிட்டரோடு சென்னைக்கு ரயில் ஓடியதை நாமே பார்த்தோம்.

"கங்கைகொண்டான் குளிர்பான ஆலைக்கு எதிராகக் கோஷம் போடுங்கள், அது நியாயம், புல்லோடு என்ன சண்டை?" என்று நம்மவர்களே சிலர் கேட்கிறார்கள். ஆலைக்கு 2016 நவம்பரில் கோர்ட் விதித்த தடை 2017 மார்ச்சில் நீங்கியது. அந்தச் சண்டை வேறு, பெரிது. அதற்காக வீட்டு வாசலில் ஒழுகும் குழாயை அடைக்காமல் விடுவதா?

பூங்காவே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. விக்கிரமசிங்கபுரத்தில் ஷிப்டு முடிந்து வரும் மில் தொழிலாளிக்குக் கால் நீட்ட ஓர் இடம் வேண்டும். அவனுக்கு வேண்டியது நிழல். புல் நிழல் தருமா? புங்கும் வேம்பும் இலுப்பையும் பூவரசும் தரும். வேலியோரம் நொச்சியும் ஆடாதோடையும் நிற்கட்டும். ஆடு வாய் வைக்காது. வெயிலில் பூப்பூக்க ஆவாரையைவிட வேறென்ன வேண்டும்? ஆற்றை ஒட்டிய பூங்காவானால் நீர்மருது இருக்கிறது. குழந்தைகள் ஓடியாட ஒரு துண்டு அருகம்புல் இருக்கட்டும், பலகை இல்லாமல்! நட்ட முதல் இரண்டு கோடை இவற்றுக்கும் தண்ணீர் விட வேண்டும். அதன்பின் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையே போதும். ஆனால் வறட்சி தாங்குகிறது என்பதற்காக எதையும் நட்டுவிடக் கூடாது. சீமைக்கருவேலும் வறட்சி தாங்கித்தான் நம் குளங்களைப் பிடித்தது.

ஒரு எச்சரிக்கை. "நாட்டுச்செடிக்கு வேலை குறைவு" என்று சொல்லிக்கொண்டு தோட்டத் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்ப ஒப்பந்தக்காரர் முந்திக்கொள்வார். அதற்கு இடம் கொடாதீர்கள். நாற்றங்கால் போடவும், கன்று நடவும், மூடாக்கு இடவும் ஆள் வேண்டும். அந்த வேலையை அவர்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் கொடு என்று கேளுங்கள்.

அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன் வார்டுக்கு நாலு பேர் கவுன்சிலர் வீட்டுக்குப் போங்கள். பூங்காப் புல் எத்தனை சென்ட்? எந்தக் குழாய்த் தண்ணீர்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.