எண் சரிதான், பூட்டு திறக்கவில்லை!

நாலே நாலு எண். நாள் ஒன்றுக்கு நாற்பது முறை தட்டுகிற எண். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு நாள் காலையில், "தவறான எண்" என்று செல்போன் கையை விரித்துவிடுகிறது!

மறுபடியும் தட்டுகிறார் வீட்டுக்காரர். "தவறு!" இன்னொரு முறை. "தவறு!"

வீடே கூடிவிடுகிறது. "இப்படிக் கொடுங்கள் அப்பா, நான் பார்க்கிறேன்" என்று மகன் வாங்குகிறான். அவனுக்கும் அதே பதில்தான். "பழைய எண்ணைப் போட்டுப் பார் அண்ணா" என்கிறாள் தங்கை. "நம் வீட்டுக் கதவு எண்ணைப் போடு" என்கிறார் அம்மா. ஆளுக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு முயற்சி.

ஆபத்து நேருவது இந்தப் பத்து நிமிடத்தில்தான்.

கையை எடுக்க வேண்டும்

பூட்டு ஒவ்வொரு தவறையும் எண்ணிக்கொண்டே இருக்கிறது. பல ஆண்ட்ராய்ட் போன்களில் ஐந்து முறை தவறினால் 30 வினாடி காத்திருக்கச் சொல்லும். மேலும் தவறினால் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். ஐபோன் இன்னும் கடுமை. முதலில் ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம், பிறகு கால் மணி என்று நீண்டு, மணிக்கணக்கில் போய்விடும். பத்து முறை தவறிவிட்டால் எண்ணை ஏற்கவே ஏற்காது. உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

திருடனைத் தடுக்க வைத்த ஏற்பாடு இது. எண்ணைத் தட்டுவது திருடனா, வீட்டுக்காரரா என்பது பூட்டுக்குத் தெரியாது.

ஆகவே இரண்டு முறை தவறியதும் போனைக் கீழே வைத்துவிடுவது நல்லது. மூளை சரியான எண்ணைச் சொல்கிறது. விரலும் சரியான இடத்தில்தான் தட்டுகிறது. நடுவில் இருப்பது கண்ணாடி. குற்றவாளி அதுவாக இருக்கலாம்.

விரலா, கண்ணாடியா?

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பூட்டுத் திரையின் அடியில் "எமர்ஜென்சி" என்று ஓர் இடம் இருக்கும். அவசரத்துக்குப் போலீசையோ ஆம்புலன்சையோ கூப்பிட வைத்தது. அதைத் தொட்டால் எண் பலகை வரும். அங்கே 1 முதல் 9 வரையிலும், கடைசியில் 0-வும் நிதானமாகத் தட்டிப் பார்க்கலாம். பூட்டுத் திரையில் தட்டினால் வெறும் புள்ளிதான் தெரியும். இங்கே எண்ணே கண்ணுக்குத் தெரியும். பச்சைப் பொத்தானை மட்டும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் அழைப்பு போக முயலும்.

பத்து எண்ணும் ஒழுங்காக விழுந்தால் கண்ணாடிக்குப் பழுது இல்லை எனலாம். 5-ஐத் தட்டினால் 8 விழுகிறதா? ஒரு முறை தட்டினால் இரண்டு முறை விழுகிறதா? ஒரு வரிசை முழுவதும் ஊமையாக இருக்கிறதா? கள்ளன் அகப்பட்டுவிட்டான்!

தொடு கண்ணாடி, விரலில் உள்ள மெல்லிய மின் தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது. ஈரக் கையும், எண்ணெய்ப் பிசுக்கும், வியர்வையும் அதைக் குழப்பிவிடும். மேலே ஒட்டிய காப்புக் கண்ணாடி தூக்கிக்கொண்டு காற்று புகுந்திருந்தாலும் தொல்லைதான். மட்டமான சார்ஜரில் மாட்டியிருக்கும்போது தொடுதல் தாறுமாறாகப் போவதும் உண்டு. சார்ஜரைக் கழற்றி, கையையும் கண்ணாடியையும் உலர்ந்த துணியால் துடைத்து, போனை ஒரு முறை அணைத்துப் போட்டால் பாதி வழக்குகள் வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் கடைக்குப் போக வேண்டும். ஆனால் அங்கே என்ன கேட்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "கண்ணாடியை மாற்றித் தாருங்கள்" என்பது ஒரு வேலை. "லாக்கை எடுத்துத் தாருங்கள்" என்பது வேறு வேலை. கண்ணாடியை மாற்றினால் உள்ளே இருக்கும் படங்கள் பத்திரமாக இருக்கும். லாக்கை எடுத்தால் எல்லாம் போய்விடும். பழுது கண்ணாடியில் இருக்க, பாட்டியின் கடைசிப் படத்தை அழித்துவிட்டு வருவதைப் போன்ற அநியாயம் உண்டா?

எழுத்திலும் கோளாறு வரலாம்

சிலர் எண்ணுக்குப் பதிலாக எழுத்தில் ரகசியச் சொல் வைத்திருப்பார்கள். அவர்களுக்கு வேறு வகைத் தொல்லை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துப் பொத்தான் அழுந்திக் கிடந்தால் சொல் மாறிவிடும். சில போன்களில் தட்டச்சுப் பலகை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறிக் கிடக்கும். பலகையில் பூமிப்பந்துப் படம் இருந்தால், அதைத் தொட்டு மாற்றிப் பார்க்கலாம்.

இன்னொரு குழப்பம், சிம் கார்டின் பூட்டு. போனை அணைத்துப் போட்டதும் சில போன்கள் முதலில் சிம்மின் எண்ணைக் கேட்கும். அது வேறு, போனின் எண் வேறு. திரையில் "சிம்" என்ற சொல் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். அங்கே மூன்று முறை தவறினால் "பக்" என்னும் எட்டு இலக்க எண்ணைக் கேட்கும். சிம் வந்த அட்டையில் அது இருக்கும். அல்லது டெலிபோன் கம்பெனியில் கேட்க வேண்டும். அதிலும் பத்து முறை தவறினால் அந்த சிம் செத்தது. புது சிம்தான் வாங்க வேண்டும்.

உண்மையிலேயே மறந்துபோவதும் நடக்கிறது. விரல் ரேகை வந்த பிறகு எண்ணைத் தட்டுகிற பழக்கமே குறைந்துவிட்டது. அதனால்தான் ஆண்ட்ராய்ட் போன் குறைந்தது 72 மணிக்கு ஒரு முறை எண்ணைக் கேட்கிறது. அணைத்துப் போட்டாலும் கேட்கும். இதைத் தொந்தரவு என்று நினைப்பவர்கள் பலர். மறவாமல் இருக்க அது நல்ல பயிற்சி. ஐபோனில், நேற்று எண்ணை மாற்றிவிட்டு இன்று மறந்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. 2023-ல் வந்த ஐ.ஓ.எஸ். 17 முதல், மாற்றிய 72 மணிக்குள் பழைய எண்ணைக் கொடுத்து உள்ளே போகலாம்.

இரண்டு சாவிப் பூட்டு

"அது எப்படி? போன் செய்த கம்பெனியிடம் மாற்றுச் சாவி இல்லாமலா இருக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை என்பதுதான் உண்மை.

பாங்கி லாக்கரை நினைத்துப் பார்க்கலாம். பாங்கியின் சாவி ஒன்று, வாடிக்கையாளரின் சாவி ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். செல்போனிலும் அப்படியே. ஒரு சாவி போனுக்குள் இருக்கும் சில்லில் புதைந்திருக்கிறது. இன்னொன்று, தட்டுகிற ரகசிய எண். இரண்டும் கலந்துதான் உள்ளே இருக்கும் படங்களும் கடிதங்களும் படிக்கக்கூடிய உருவுக்கு வருகின்றன. எண் இல்லாவிட்டால் அவை வெறும் குப்பை எழுத்து.

2015 டிசம்பரில் அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்து சான் பெர்னார்டினோ ஊரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் மாண்டார்கள். சுட்டவன் வைத்திருந்த ஐபோன் எப்.பி.ஐ. போலீசிடம் சிக்கியது. ஆனால் திறக்க முடியவில்லை! 2016 பிப்ரவரியில், உதவி செய்யும்படி ஆப்பிள் கம்பெனிக்குக் கோர்ட்டு உத்தரவிட்டது. கம்பெனி எதிர்த்து நின்றது. மார்ச்சில், வெளியார் ஒருவர் உதவியால் திறந்துவிட்டதாகச் சொல்லி அரசாங்கம் வழக்கை வாபஸ் பெற்றது.

அமெரிக்கப் போலீசுக்கே இந்தப் பாடு. தெருமுனைக் கடையில், "ஒன்றும் அழியாது சார், அரை மணியில் லாக்கை எடுத்துத் தருகிறேன்" என்றால் நம்பலாமா? பெரும்பாலும் அவர் செய்யப்போவது, போனைத் துடைத்துக் காலியாக்குவதுதான். கையை வைக்கும் முன்பே அதை வாடிக்கையாளரிடம் சொல்லிச் சம்மதம் கேட்பது தொழில் தர்மம். சொல்கிற நல்ல கடைக்காரர்களும் இருக்கிறார்கள். சொல்லாதவர்களிடம் போனைக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

கடைப் பையன் வைத்த பெயர்

துடைத்துக் காலியாக்கினாலும் தொல்லை தீர்ந்ததா? இல்லை. 2015-ல் வந்த ஆண்ட்ராய்ட் 5.1 முதல் இன்னொரு காவல் சேர்ந்திருக்கிறது. பூட்டிய போனை இப்படித் துடைத்தால், முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். பெயரும் ரகசியச் சொல்லும் தெரியாவிட்டால் போன் வெறும் கண்ணாடித் துண்டு.

அந்தக் கணக்கை வைத்தது யார்? வயதான ஓர் அம்மாள் புதுப் போன் வாங்கப் போகிறார். "கவலைப்படாதீர்கள் அம்மா, எல்லாம் நானே போட்டுத் தருகிறேன்" என்கிறான் கடைப் பையன். வாய்க்கு வந்த பெயரில் ஒரு கணக்கு, கைக்கு வந்த ரகசியச் சொல். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அம்மாளுக்கு அந்தப் பெயரும் தெரியாது, சொல்லும் தெரியாது. பையனுக்கோ மறுநாளே மறந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்துப் பூட்டு விழுந்தால் யாரிடம் கேட்பது?

போன் விற்கும் கடைகள் இதைத் திருத்தியே ஆக வேண்டும். ரகசியச் சொல்லை வாங்குபவரே வைக்க வேண்டும். கணக்கின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். காப்புக் கண்ணாடி ஒட்ட நேரம் இருக்கும்போது இதற்கு நேரம் இருக்காதா?

கணக்கு தெரிந்திருந்தால் பல நன்மைகள். படங்களை அதில் சேமிக்கும்படி முன்பே வைத்திருந்தால், வேறொரு போனில் அதே கணக்கைத் திறந்து பார்க்கலாம். படங்கள் அங்கே இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே, பூட்டிய போனைத் துடைக்கச் சம்மதிக்கலாம்.

பணத்தைப் பற்றிய பயம் வேண்டாம். பணம் பாங்கியில் இருக்கிறது, போனில் இல்லை. பூட்டிய போனிலிருந்து சிம்மைக் கழற்றி வீட்டில் உள்ள வேறு போனில் போட்டால், பாங்கி அனுப்பும் எண் அங்கே வரும். கூகுள் கணக்கின் ரகசியச் சொல் மறந்திருந்தாலும், அதில் இந்த டெலிபோன் எண்ணைப் பதிந்திருந்தால், மீட்பதற்கான எண்ணும் அங்கேதான் வரும். அந்த எண்களை மட்டும் கடைக்காரரோ, டெலிபோனில் கூப்பிடுகிறவரோ, யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.