அச்சத்தைக் குற்றமென வாசிக்காதீர்!

கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லாதவன் பொய்யன். அழைத்தும் நில்லாதவன் குற்றவாளி. காவல்துறையின் இந்தப் பழைய கணக்கு ஆட்டிசம் உள்ளோரிடம் பொய்த்துப்போகிறது. உரத்த அதட்டலும் சைரன் ஒலியும் அவர்களுள் பலருக்குத் தாங்கவொண்ணா வேதனை. சிலர் கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வர், கைகளை உதறுவர், அஞ்சி ஓடுவர்.

2020 மே 30 அன்று ஜெருசலேம் பழைய நகரில் இயாத் ஹல்லாக் அவ்வாறே ஓடினார். ஆட்டிசம் உள்ள 32 வயதுப் பாலஸ்தீனர் அவர். தம் சிறப்புப் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்தார். ‘இவர் மாற்றுத்திறனாளி’ என்று பராமரிப்பாளர் கதறியும், இஸ்ரேலிய எல்லைக் காவலர் ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். 2023-இல் நீதிமன்றம் அக்காவலரை விடுவித்தது.

அத்தகைய மரணம் நிகழ்ந்த பிறகு அழுவதைவிட, நிகழாதிருக்க வழி செய்வதே அறிவுடைமை. இந்தியாவில் அதற்குச் சட்டமே துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. காவல் அதிகாரிகளின் பயிற்சியில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் இடம்பெற வேண்டுமென அதன் 47ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. ஒரு மணி நேரச் சொற்பொழிவும் பயிற்சியன்று. விலகி நிற்கவும், குரலைத் தாழ்த்தவும், ஒரே கேள்வியைக் கேட்டுப் பொறுமையுடன் காத்திருக்கவும், ஆட்டிசம் உள்ளோரிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் காவலர்கள் நேரில் கற்க வேண்டும்.

‘பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று பெற்றோருக்கு உபதேசிப்போரே! பள்ளிவாசலுக்கும் கடைத்தெருவுக்கும் வரும் உரிமை அப்பிள்ளைக்கும் உண்டு. மாற வேண்டியது சீருடை அணிந்தோரின் பழக்கமே. ஒவ்வொரு ஜமாஅத்தும் தம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் இதனை எழுத்து மூலம் கேட்கட்டும்.