நாள்தோறும் ஒரு பக்கம்

நுழையும்முன்

தாளை மடித்து, நூல் கோத்து, நாளுக்கு ஒரு பக்கமாகத் தன் கையாலேயே நிரப்பும் ஏட்டினைக் கலைஏடு எனலாம். பாடச்சுமை மிகுந்த மேல்நிலை வகுப்பில் அத்தகைய ஏட்டிற்கு இடம் உண்டா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏடுகள் யாருடையவை?

மேல்நிலை வகுப்பு மாணவர் ஓராண்டில் எழுதும் பக்கங்கள் ஏராளம். வினாவிடைகள், செய்முறைப் பதிவேடுகள், பயிற்சிக் கணக்குகள் எனக் குறிப்பேடுகள் நிரம்புகின்றன. கரும்பலகையில் இருப்பது ஏட்டிற்கும், ஏட்டில் இருப்பது விடைத்தாளுக்கும் இடம்பெயர்கிறது. தேர்வு முடிந்ததும் அவ்வேடுகள் பழைய தாள் கடையில் எடைக்குப் போடப்படுகின்றன. அவற்றைப் பிரிய எவருக்கும் மனம் வருந்துவதில்லை. அவற்றில் எழுதியவரின் சொந்தப் பக்கம் ஒன்றும் இல்லாததே அதற்குக் காரணம். கற்பதற்குப் படியெடுத்தல் தேவைதான். ஆயினும், படியெடுத்தலையே எழுத்தென்று பழகிய கை, தானே ஒன்றைப் படைக்க வேண்டிய வேளையில் தயங்கி நிற்கிறது. அத்தயக்கத்தைப் போக்கும் எளிய வழி கலைஏடு.

ஏடு செய்த மரபு

தமிழர்க்கு ஏடு செய்தல் புதிதன்று. பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் எழுத்துகளைக் கீறி, அவை தெளிவாகத் தெரியும்படி மை தடவினர். ஓலையின் ஒரு துளையில் நாராசம் என்னும் குச்சியைச் செருகினர். மற்றொரு துளையில் கயிறு கோத்துச் சுவடியைக் கட்டினர். நூல் என்பது கருத்தாகவும் கைவினையாகவும் ஒருங்கே விளங்கிய காலம் அது.

இங்கிலாந்துக் கவிஞர் வில்லியம் பிளேக் தம் கவிதைகளையும் ஓவியங்களையும் செப்புத்தகட்டில் தாமே எழுதி, அமிலத்தால் அரித்து அச்சிட்டார். அச்சிடுவதிலும் வண்ணம் தீட்டுவதிலும் அவர் மனைவி கேத்தரின் துணைநின்றார். 1789இல் வெளியான ‘சாங்ஸ் ஆஃப் இன்னொசென்ஸ்’ அவ்வாறு உருவானதே. கையால் வண்ணம் பெற்றதால், அந்நூலின் ஒரு படி மற்றொன்றைப் போல் இராது. சென்னையில் இயங்கும் தாரா புக்ஸ் பதிப்பகம், கையால் செய்த தாளில் பட்டுத்திரை அச்சு முறையில் அச்சிட்டு, கையால் தைத்த நூல்களை இக்காலத்திலும் வெளியிட்டு வருகிறது.

அன்றாடப் பழக்கம்

ஊக்கம் வரும்போது செய்வோம் என்று காத்திருப்பவருக்கு ஊக்கம் அரிதாகவே வருகிறது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய், எண்பது வயதைக் கடந்த பின், தீமை விலகும் என்ற நம்பிக்கையில் நாள்தோறும் சிங்க உருவம் ஒன்றை வரைந்தார். அவ்வரிசையில் 200க்கும் மேற்பட்ட படங்கள் இன்றும் உள்ளன. புகழின் உச்சியை அடைந்தவரே அன்றாடப் பயிற்சியை விடவில்லை என்பது எண்ணத்தக்கது.

செய்முறை எளிது. நான்கு தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் பதினாறு பக்கங்கள் கிடைக்கும். மடிப்பில் மூன்று துளைகள் இடவேண்டும். உட்புறமிருந்து நடுத்துளை வழியே ஊசியை வெளியேற்றி, மேல்துளை வழியே உள்ளே கொணரவேண்டும். பின் நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளை வழியே வெளியேற்றி, மீண்டும் நடுத்துளை வழியே உள்ளே வாங்கி, நூலின் இருமுனைகளையும் முடிச்சிட வேண்டும். பழைய நாள்காட்டி அட்டை மேலுறையாகும். பேருந்துச் சீட்டு, உதிர்ந்த இலை, பாட்டி சொன்ன பழமொழி, சன்னல்வழிக் கண்ட காட்சி என அன்றைய நாளின் ஒரு துளி ஒரு பக்கத்திற்குப் போதும்.

தடைகளும் விடைகளும்

நேரம் இல்லை என்பது முதல் தடை. தேர்வை எதிர்நோக்கும் மாணவர்க்கு இது பொய்யான காரணமன்று. எனினும், ஒரு பக்கத்திற்குக் கால்மணி நேரமே வேண்டும். கைப்பேசித் திரையில் கரையும் பொழுதில் அது ஒரு சிறு பகுதி. வரையத் தெரியாது என்பது இரண்டாம் தடை. கலைஏடு ஓவியப்போட்டிக்கு உரியதன்று. கோணலான கோடும் அடித்தல் திருத்தலும் அதில் குறையாகா. வளர்ச்சியின் சுவடுகளாகவே நிற்கும்.

மூன்றாம் தடை பெரியோரால் வருவது. கலைஏட்டைப் பள்ளி ஒப்படைவாக்கி மதிப்பெண் இடத் தொடங்கினால், அதுவும் படியெடுத்தலாகிவிடும். ஒருவர் ஏட்டைப் பார்த்து மற்றவர் வரைவர். எனவே, அதற்கு மதிப்பெண் கூடாது. மாணவர் விரும்பிக் காட்டினால் ஆசிரியர் பார்க்கலாம். பெற்றோர் கேட்டுப் படிக்கலாம். அதற்குமேல் அவ்வேடு அதனைச் செய்தவருக்கே உரியது.

கல்வியாண்டின் முடிவில் குறிப்பேடுகள் எடைக்குப் போகும் நாளில், ஒரு மாணவர் ஓர் ஏட்டை மட்டும் தனியே எடுத்து அலமாரியில் வைப்பாராயின், அவ்வாண்டில் அவர் தமக்கென ஒன்றைக் கற்றுள்ளார் எனலாம்.