கார் கண்ணாடியில ஒரு சின்ன சிப்: ஒட்டணுமா, மாத்தணுமா, கிளைம் பண்ணணுமா?



ஜி.எஸ்.டி. ரோட்டுல ஒரு ஜல்லி லாரிக்குப் பின்னாடி போயிட்டு இருக்கீங்க. 'டொக்'னு ஒரு சத்தம். பாத்தா முன் கண்ணாடியில பருப்பு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. இந்த இடத்துல நம்ம ஆளுங்க ரெண்டு வகையாப் பிரிஞ்சுடுவாங்க. ஒரு குரூப், "சின்னது தானே, அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்"னு விட்டுடும். இன்னொரு குரூப், "இன்சூரன்ஸ் தான் இருக்கே, புதுசாவே மாத்திடலாம்"னு நேரா சர்வீஸ் சென்டருக்குப் போயிடும்.

என்னைக் கேட்டா ரெண்டு பேருக்குமே நஷ்டம் தான். என் கருத்து இதுதான்: சிப் விழுந்த ஒரு வாரத்துக்குள்ள கைக்காசு போட்டு ரிப்பேர் பண்ணுங்க. மாத்தியே ஆகணும்னா, கிளைம் ஃபார்ம்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் கணக்குப் போடுங்க.

ஏன் உடனே பண்ணணும்?

கார் முன் கண்ணாடி ஒரே கண்ணாடி கிடையாது. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் படலம் வெச்சு ஒட்டின லேமினேட்டட் கிளாஸ். அதனால தான் கல்லு பட்டாலும் நொறுங்கி உள்ள கொட்டாம நிக்குது. சாதாரண சிப்ல வெளிப்பக்கக் கண்ணாடி மட்டும் தான் அடிபட்டிருக்கும். அந்தக் குழிக்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி எடுத்துட்டு, ரெசின்னு ஒரு திரவத்தை இறக்கி, புற ஊதா விளக்கு காட்டி இறுக வைப்பாங்க. அரை மணியிலிருந்து ஒரு மணி நேர வேலை. செலவு ஊருக்கு ஊர் மாறும், ஆனா மாத்துற செலவோட பாத்தா ரொம்பக் கம்மி.

தள்ளிப் போட்டா என்ன ஆகும்? தூசியும் தண்ணியும் உள்ள போயிடும். அப்புறம் ரெசின் சரியாப் பிடிக்காது, தழும்பும் தெளிவாத் தெரியும். இன்னொண்ணு, நம்ம ஊர் வெயில். ஆபீஸ் பார்க்கிங்ல நாள் முழுக்கக் காஞ்ச கண்ணாடி மேல சாயங்காலம் ஏ.சி.யை ஃபுல்லா அடிச்சா, அந்தச் சூடும் குளிரும் சேர்ந்து சின்னப் புள்ளியை நீளமான விரிசலா இழுத்துடும். அப்புறம் ரிப்பேர்ங்கிற பேச்சே இல்ல. சில நூறு, ஆயிரத்துல முடியற வேலை பல ஆயிரத்துல போய் நிக்கும்.

கடைக்குப் போற வரைக்கும் சிப் மேல ஒரு டிரான்ஸ்பரன்ட் டேப் ஒட்டி வைங்க. வாட்டர் வாஷ் வேண்டாம்.

எப்போ மாத்தியே ஆகணும்?

இங்க காசு பாக்காதீங்க. விரிசல் கண்ணாடியோட ஓரம் வரைக்கும் போயிருந்தா, உள்பக்கக் கண்ணாடியிலயும் அடி இருந்தா, ஒரு ரூபாய் நாணயத்தை விடப் பெரிய சேதமா இருந்தா, மாத்துறது தான் சரி. ஓட்டுறவர் கண்ணுக்கு நேர் எதிர்ல இருக்கிற சேதத்துலயும் ரிஸ்க் எடுக்க வேண்டாம். ரிப்பேர் பண்ணினாலும் லேசா ஒரு தழும்பு இருக்கும். ராத்திரி எதிர் வண்டி ஹெட்லைட் அதுல பட்டுச் சிதறும். இங்கிலாந்துல வருஷாந்திர வாகன சோதனையில, ஓட்டுநருக்கு நேர் எதிர்ல இருக்கிற பகுதியில 10 மி.மீ.க்கு மேல சேதம் இருந்தாலே வண்டி ஃபெயில். அந்த இடத்துக்கு அவ்வளவு முக்கியத்துவம் குடுக்கிறாங்க.

முன் கண்ணாடி வெறும் காத்துத் தடுப்பு இல்லங்கிறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. வண்டி உருண்டா கூரையைத் தாங்குறதுல அதுக்குப் பங்கு இருக்கு. பல கார்கள்ல பக்கத்து சீட் ஏர்பேக் அதுல முட்டித் தான் சரியான திசையில விரியுது.

இப்போ கணக்கு

"சார், கண்ணாடிக்கு தேய்மானமே கிடையாது, இன்சூரன்ஸ்ல ஃப்ரீயா மாத்திடலாம்"னு சொல்லுவாங்க. பாதி உண்மை. மோட்டார் பாலிசியில கண்ணாடிக்கு தேய்மானம் பிடிக்க மாட்டாங்க. ஆனா கட்டாய டிடக்டிபிள் உண்டு: 1500 சி.சி. வரைக்கும் 1,000 ரூபாய், அதுக்கு மேல 2,000. சுத்தி இருக்கிற ரப்பருக்கு 50% தேய்மானம். உண்மையான செலவு இது எதுலயும் இல்ல. அது நோ கிளைம் போனஸ்ல இருக்கு.

கிளைம் இல்லாம ஓட்டினா ஓன் டேமேஜ் பிரீமியத்துல 20%, 25%, 35%, 45%, 50%னு வருஷா வருஷம் தள்ளுபடி ஏறும். ஒரு கிளைம் போட்டா அடுத்த வருஷம் பூஜ்யம். திரும்பவும் முதல் படியிலிருந்து ஏறணும்.

உதாரணத்துக்கு, தள்ளுபடிக்கு முன்னாடி உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய், நீங்க 50% படியில இருக்கீங்கன்னு வைங்க. இப்போ கட்டுறது 5,000. கிளைம் பண்ணினா எவ்வளவு அதிகமாக் கட்டணும்?

முதல் வருஷம்: 5,000
ரெண்டாவது வருஷம்: 3,000
மூணாவது வருஷம்: 2,500
நாலாவது வருஷம்: 1,500
அஞ்சாவது வருஷம்: 500

மொத்தம் 12,500. டிடக்டிபிளும் சேத்தா 13,500. வண்டியோட மதிப்பு வருஷா வருஷம் குறையறதால நிஜத்துல இது கொஞ்சம் கம்மியா வரும். ஆனாலும் 8,000 ரூபாய் கண்ணாடிக்கு கிளைம் போட்டா, 'ஃப்ரீ'ன்னு சொன்ன கண்ணாடிக்கு நீங்க தவணையில அதிகமாத் தான் கட்டப் போறீங்க. அதே கண்ணாடி 30,000 ரூபாய்னா, தயங்காம கிளைம் பண்ணுங்க.

மனசுல வெச்சுக்க ஒரு சுலபமான அளவு: 50% படியில இருக்கிறவங்களுக்கு ஒரு கிளைமோட விலை, தள்ளுபடிக்கு முந்தின ஓன் டேமேஜ் பிரீமியத்துல சுமார் ஒண்ணேகால் மடங்கு. இப்போ 20% படியில இருந்தா 0.8 மடங்கு. புது கார், முதல் வருஷ பாலிசின்னா அரை மடங்கு. கூட டிடக்டிபிள். கண்ணாடி பில் அதைத் தாண்டினா மட்டும் கிளைம்.

மூணு விதிவிலக்கு இருக்கு. ஒண்ணு, இந்த பாலிசி வருஷத்துல ஏற்கெனவே ஒரு கிளைம் போட்டுட்டீங்கன்னா, போனஸ் போனது போனது தான். கண்ணாடியையும் கிளைம் பண்ணிடலாம். ரெண்டு, உங்ககிட்ட என்.சி.பி. புரொடெக்‌ஷன் ஆட்-ஆன் இருந்தா கணக்கே மாறும். மூணு, சில நிறுவனங்கள் கண்ணாடி ரிப்பேரை மட்டும் கிளைமாக் கணக்குல எடுத்துக்கறதில்ல. உங்க கம்பெனி எப்படின்னு கேட்டு, பதிலை ஈமெயில்ல வாங்கிக்கோங்க.

எதிர்த் திசையில ஒண்ணு: அடுத்த வருஷம் கார் மாத்தற ஐடியா இருந்தா, ரெண்டு தடவை யோசிங்க. நோ கிளைம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்ல, உங்களுக்குச் சொந்தம். புது காருக்கும் எடுத்துட்டுப் போகலாம். புது காரோட பிரீமியம் பெருசு, அதனால அந்த 50% மதிப்பும் பெருசு.

"அப்போ எதுக்கு பிரீமியம் கட்டறேன்?"

நிறைய பேர் கேக்கிற கேள்வி, நியாயமான கேள்வியும் கூட. என் பதில்: உங்க சம்பளத்தால தாங்க முடியாத அடிக்குத் தான் இன்சூரன்ஸ். வெள்ளத்துல வண்டி மூழ்கறது, திருட்டு, பெரிய விபத்து, இதுக்கெல்லாம் அது வேணும். ஒரு மாசம் ஹோட்டல் செலவைக் குறைச்சா சமாளிக்கக் கூடிய சேதத்துக்கு அதைத் தொட வேண்டாம். பெட்ரோல், இ.எம்.ஐ. மாதிரியே மாசம் 1,000 ரூபாய் 'வண்டிக் கணக்கு'னு ஒரு ஆர்.டி.யில போடுங்க. கல்லு எப்பத் தெறிக்கும்னு தெரியாது, ஆனா என்னைக்காவது தெறிக்கும்.

மாத்தும்போது கவனிக்க வேண்டியது

கண்ணாடியில ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கான்னு பாருங்க. ஒட்டற பசை இறுக எத்தனை மணி நேரம் ஆகும்னு கேட்டு, அது வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. லேன் அசிஸ்ட் மாதிரி வசதி இருக்கிற கார்ல, கேமரா அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி தான் இருக்கும். கண்ணாடியோட கேமரா கேலிபரேஷனும் சேத்து எழுத்துல எஸ்டிமேட் வாங்குங்க. கண்ணாடி விலையை மட்டும் பாத்து முடிவு பண்ணினா பின்னாடி பில் எகிறும்.

இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. போன்ல இருக்கிற பாலிசி பி.டி.எஃப்.பைத் திறந்து ரெண்டு நம்பரைக் குறிச்சு வைங்க: தள்ளுபடிக்கு முந்தின ஓன் டேமேஜ் பிரீமியம், உங்க என்.சி.பி. சதவீதம். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தா உங்க கண்ணாடிக்கு அதுல ஒரு பைசா கூட வராது, அதையும் இப்பவே தெரிஞ்சுக்கோங்க. சர்வீஸ் சென்டர்ல ஃபார்மை நீட்டும்போது அந்த ரெண்டு நம்பர் தெரிஞ்சிருந்தாலே, முடிவு உங்க கையில இருக்கும்.

உங்க கணக்கு எவ்வளவு வந்ததுன்னு வீடியோவுக்குக் கீழ கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!