குசினிக்குள் பிள்ளைகளையும் விடுவோம்



போன தவணை தரம் 4 வகுப்பில் இலைகளைப் பற்றிப் படிப்பிக்கும்போது கறிவேப்பிலை, வல்லாரை, கொத்தமல்லி, புதினா நான்கையும் மேசையில் வைத்தோம். கறிவேப்பிலையை எல்லோரும் சொன்னார்கள். புதினாவை மணந்து பார்த்த ஒருவன், "டீச்சர், இது டூத்பேஸ்ட் மணக்குது" என்றான். வகுப்பே சிரித்தது, நாங்களும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் சங்கடமாக இருந்தது. கலியாணச் சஹனில் புரியாணிக்குப் பக்கத்தில் புதினாச் சம்பல் இல்லாமல் நமது ஊரில் யார் சாப்பாடு வைக்கிறார்கள்? அந்தப் பிள்ளையும் எத்தனையோ தடவை அதைச் சாப்பிட்டிருப்பான். இலையாக மட்டும் கண்டதில்லை.

"பிள்ளை பச்சை இலை தின்னுதில்லை, எல்லாத்துக்கும் சோஸ்தான் கேக்குது" என்று உம்மாமார் எங்களிடம் முறைப்பாடு சொல்கிறார்கள். உண்மைதான். அந்தப் போத்தலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள், சீனி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று. ஆனால் பிள்ளை குசினி வாசலுக்கு வந்தாலே, "போய்ப் படி" என்று விரட்டுபவர்களும் நாம்தான். ஆண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமைகளில் அரை மணித்தியாலம் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். ஒரு கட்டுப் புதினாவை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் மண் அடியில் தங்கிவிடும். சின்னவள் இலை ஆய்வாள். மகன் கல்லுரலில் முதலில் உப்பையும் இரண்டு பல் வெள்ளைப்பூடையும் இடிப்பான், பிறகு இலை, கடைசியாக அரை மூடித் தேங்காய்ப்பூ. உப்பு முதலில் போனால் இலை சீக்கிரம் மசியும். தேசிக்காய் பிழிந்தால் பச்சை நிறம் சட்டென்று கறுக்காது. பிளெண்டரிலும் அரைக்கலாம், ஆனால் பிள்ளைக்கு அதில் ஆழியை அமத்துவதைத் தவிர வேலை இல்லை.

முதல் தடவை பச்சைக் கொச்சிக்காயையும் மகனிடமே கொடுத்துவிட்டோம். அந்தக் கையால் கண்ணைக் கசக்கி, வீடே அல்லோலகல்லோலம். கையில் ஒட்டிய காரம் வெறும் தண்ணீருக்குப் போகாது. தேங்காய் எண்ணெய் தடவி, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். அன்றிலிருந்து மூன்று கொச்சிக்காயும் பெரியவர்களின் பங்கு.

அன்று உப்பும் கூடிவிட்டது. ஆனாலும் தான் இடித்தது என்பதால் மகன் கோப்பையை வழித்துச் சாப்பிட்டான். எத்தனை தடவை அறிவுரை சொல்லியும் நடக்காத காரியம் இது.

"ஐந்தாம் ஆண்டு சோதனை வருது, டியூஷனுக்கே நேரமில்லை" என்பார்கள். சனிக்கிழமை முழுக்க வகுப்பு வகுப்பாக ஓடி, தூங்கி விழும் பிள்ளைகளை நாங்கள் திங்கட்கிழமை பார்க்கிறோம். அரை மணித்தியாலத்தில் புள்ளி குறையாது. இடிப்பது மகனின் வேலை என்றால் கல்லுரலைக் கழுவி வைப்பதும் அவனுடைய வேலைதான், உம்மாவோ தங்கச்சியோ கழுவக் கூடாது. இதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆய்ந்த தண்டுகளை எறியாதீர்கள். கிளாஸ் தண்ணீரில் வைத்தால் சில நாட்களில் வேர் விடும். எங்கள் வீட்டில் இப்போது மூன்று சாடி நிற்கிறது. யார் தண்ணீர் ஊற்றுவது என்பதில்தான் தினமும் சண்டை.